பாதி போட்ட மச்சு, இருட்டிக்கிட்டு வர்ற மழை: சுண்ணாம்பு வேலை குழம்பிப்போன நாளை மீட்பது எப்படி? (மதுரை, பழைய வீடு)

சந்துவீடு | மாலை 4:05

தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டின சந்து. மெட்ராஸ் டெரஸ் வீடு (மரக்கட்டை மேல சன்னச் செங்கலை நிமிர்த்தி நட்டு, அதுமேல சுண்ணாம்புத் தளம் போட்டது), தேக்கு உத்தரம், நடுவுல முற்றம். ரெண்டு வேலை சேர்ந்து நடக்குது. 10-க்கு 12 அடி அறைக்கு மேல இருந்த பழைய சுர்க்கித் தளத்தை (சுண்ணாம்பு, செங்கல் தூள், ஜல்லி கலந்து தட்டினது) கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் போடுறது ஒண்ணு. முற்றத்துச் சுவர்ல சிமெண்ட் பூச்சை உரிச்சுட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசுறது இன்னொண்ணு.

இப்போதைய நிலவரம்: செங்கல் ஜல்லி வண்டி வந்து சேரவே காலை 10 மணி. ஜல்லியை ஊறப்போட நேரமில்லை, மேலாகத் தண்ணி தெளிச்சுக் கலந்துட்டாங்க. தட்டும்போது தெளிக்கிற கடுக்காய்த் தண்ணியும் காலையில ஊறப்போட்டதுதான். ஆள்: கொத்தனார் 2, சித்தாள் 4. 12 அடி நீளத்துல 7 அடி போட்டாச்சு, தட்டுறது அரைகுறை. கீழ எலக்ட்ரீஷியன் புதுப் பூச்சு மேலேயே பைப்புக்குக் கோடு கிழிச்சு வெச்சிருக்கார். மேற்கால கருத்துக்கிட்டு வருது.

போட்ட 7 அடியை எடுக்கணுமா, காப்பாத்தலாமா? கலந்து மீந்த கலவை நாளைக்கு ஆகுமா? நாளைய வேலையை எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

கரணை | 4:12

தம்பி, முதல்ல தார்ப்பாய். தளத்து மேல நேரா விரிச்சுடாதீங்க. ஒட்டிக்கிட்டா மேல் சாந்து அதோட வந்துடும், ஜல்லி பல்லிளிக்கும். ரெண்டு கைப்பிடிச்சுவருக்கும் குறுக்கச் சவுக்குக் கட்டை போட்டு, அதுமேல சாய்வா இழுத்துக் கட்டுங்க. வழியிற தண்ணி தளம் போடாத 5 அடிப் பக்கம் இறங்கக் கூடாது. அங்க குத்துக்கல் வரி (நிமிர்த்தி நட்ட செங்கல்) வெறுமனே கிடக்கு, தண்ணி நேரா மரக்கட்டைக்குப் போயிடும். அந்தப் பக்கத்துக்குத் தனியா இன்னொரு தார்ப்பாய் வேணும்.

மழை விழுறதுக்குள்ள அரை மணி நேரம் கிடைச்சாலும் ஆறு பேரும் தட்டுங்க. பூச்சைத் தொடாதீங்க, கீழ யாரும் வேண்டாம், எல்லாரும் மேல வரட்டும். போட்டதைத் தட்டாம விடுறது லேசா நனையிறதைவிட மோசம். முடியிற ஓரத்தை நேர் வெட்டா நிறுத்தாம 45 டிகிரி சாய்வா விட்டு, கம்பியால கீறி வைங்க. நாளைக்கு அந்தச் சாய்வை நனைச்சு, நீத்த (தண்ணியில அவிஞ்ச) சுண்ணாம்பைக் கஞ்சிப் பதத்துல தடவி, அதோட ஒட்டித்தான் புதுசு போடணும். நேர் வெட்டா விட்டா அந்தக் கோட்டுலயே பின்னால வெடிப்பு வரும்.

மீந்த கலவையில செங்கல் தூள் இருக்குன்னா நாளைக் காலை வரைக்கும்தான் ஆயுசு. நனைஞ்ச சாக்குப் போட்டு மூடி வெச்சு, விடிஞ்சதும் முதல் வேலையா அதைத் தீர்த்துடுங்க. வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்ததுன்னா கவலையே இல்லை, காத்துப் படாம ஈரமா மூடினா வாரக்கணக்குல கெடாது.

எடுக்கணுமா வேண்டாமான்னு நாளைக் காலைல கட்டைவிரல் நகம் சொல்லும். நகம் அழுந்தி இறங்குனா உயிர் இருக்கு, கடுக்காய்த் தண்ணி தெளிச்சுத் திரும்பத் தட்டலாம். நகம் இறங்கலை, ஆனா விரலால நெம்பினா ஜல்லி உருண்டு வருதுன்னா அது இறுகலை, காய்ஞ்சு போச்சு. யோசிக்காம எடுத்துடுங்க. ஊறாத ஜல்லி சாந்துல இருக்கிற தண்ணியைக் குடிச்சுடும், அதனால வர்ற கேடு அது. ஓரங்கள்ல, வெயில் பட்ட மூலையில நல்லாப் பாருங்க.

சூப்பர்வைசர்72 | 4:31

எதுக்குப்பா இந்தப் பாடு? அதான் கொத்தி எடுத்தாச்சுல்ல. கம்பி வலையை விரிச்சு ரெண்டு இஞ்ச் சிமெண்ட் கான்கிரீட், மேல வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் ரெண்டு கோட்டிங். மூணு நாள்ல சோலி முடிஞ்சது. ஊர்ல பாதி வீட்ல அப்படித்தான் போட்டிருக்காய்ங்க.

நிழல்முற்றம் | 5:02

சார், எடைக் கணக்கில் நீங்கள் சொல்வதில் தவறில்லை. 4 அங்குல சுர்க்கித் தளம் சதுர அடிக்குச் சுமார் 18 கிலோ, 2 அங்குல சிமெண்ட் கான்கிரீட் 11 கிலோ. பழையதை எடுத்துவிட்டுப் போட்டால் பாரம் குறையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாதி வீடுகளில் பெரும்பாலும் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே போட்டிருப்பார்கள். இந்த அறையின் 120 சதுர அடிக்கு அது 1,300 கிலோவுக்கு மேல் கூடுதல் சுமை. உத்தரம் தொய்ந்த வீடுகள் பலவற்றின் கதை இதுதான்.

எடையை விடுங்கள், சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. மரக்கட்டை மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். அதன் மேல் விறைப்பான சிமெண்ட் தளம் மயிரிழை அளவாவது வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேல்வழியாக ஆவியாக முடியாது, கெமிக்கல் பூச்சு மூடியிருக்கும். பிறகு கீழே மரத்துக்குத்தான் போக வேண்டும். சுண்ணாம்புத் தளமும் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் நனைந்ததைக் காயவிடும்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலுக்கு 4 அங்குலச் செங்கல் ஜல்லி கொடுக்கும் தடுப்பை 2 அங்குலக் கான்கிரீட் கொடுக்காது. பின்னால் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் அறை இருந்தால் அதற்கு உங்கள் முறையைத் தாராளமாகச் செய்யலாம். மரத்தின் மேல் வேண்டாம்.

கரணை | 5:20

மேடம் சொன்னது சரி. தம்பி, அளவை எழுதி வெச்சுக்கங்க, நாளைக்கு மறுபடி சரக்குப் பத்தாம நிக்கக் கூடாது. 120 சதுர அடி, தட்டி முடிஞ்சு 4 இஞ்ச் கனம் வேணும்னா தட்டுறதுக்கு முன்னாடி 5 இஞ்ச் பரப்பணும். மொத்த அறைக்கு முக்கால் இஞ்ச் செங்கல் ஜல்லி 42 கன அடி, செங்கல் தூள் 16 கன அடி, நீத்த சுண்ணாம்பு 8 கன அடி. சுண்ணாம்பு ஒண்ணுக்குத் தூள் ரெண்டு. ரெண்டையும் கலந்தா அளவு சுருங்கும், அப்படிக் கலந்த சாந்து ஜல்லியில பாதிக்குக் கொஞ்சம் குறைவா இருக்கணும். கூடிப்போனா தட்டும்போது சாந்து மேல மிதக்கும், குறைஞ்சா உள்ள ஓட்டை ஓட்டையாத் தேன்கூடு விழும்.

கடுக்காய்த் தண்ணிக்கு 10 சதுர மீட்டருக்கு கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணி 40 லிட்டர். உங்க அறை 11 சதுர மீட்டர் சொச்சம், 45 லிட்டர் ஊறப்போடுங்க. கடுக்காயை ஒண்ணிரண்டாத் தட்டிப் போட்டு 12 மணி நேரமாவது ஊறணும், 24 மணி நேரம்னா நல்லது. தெளிஞ்சதை மட்டும் இறுத்து எடுக்கணும். காலைல போட்டதைச் சாயங்காலம் தெளிச்சா அது வெறும் பழுப்புத் தண்ணி, அவ்வளவுதான். வெல்லம் கூடப் போட்டா பலம் கூடும்னு சில மேஸ்திரிக சொல்லுவாங்க. கூடினா இறுகுறது தாமசமாகும், எறும்பும் ஏறும்.

தண்ணி ஓடுற வாட்டம் 12 அடிக்கு 3 இஞ்ச். அதை ஜல்லியிலயே கொண்டு வந்துடணும். பின்னால தட்டோடு (மேல பதிக்கிற தட்டை ஓடு) ஒட்டுற சாந்துல சரிபண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா தண்ணி தேங்குற குழி கண்டிப்பா மிஞ்சும்.

தேக்குமரம் | 6:15

யாருமே கேட்கலையே, அறைக்குள்ள முட்டுக் கொடுத்திருக்கீங்களா? ஆறு பேர் நின்னு தட்டப்போற தளம் அது. ஒவ்வொரு உத்தரத்துக்கும் மூணுல ஒரு பங்குக்கு ஒண்ணா ரெண்டு இடத்துல சவுக்கு முட்டு, கீழயும் மேலயும் பலகை வெச்சு. ஆப்பு அடிக்கும்போது உத்தரம் தூக்கக் கூடாது, தொட்டு நின்னா போதும். தூக்கிட்டா குத்துக்கல் வரியில பிடிப்பு விட்டு செங்கல் உதிர ஆரம்பிக்கும். மெட்ராஸ் டெரஸ்ல அந்தச் சன்னக் கல்லெல்லாம் மூலைவாக்குல நட்டு வெச்சது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, ஒரு கல்லு கழண்டா வரிசையே கழண்டு வரும். இனிமே கொத்தி எடுக்கிற அறைக்கு மெஷின் வைக்காதீங்க. உளி, சுத்தியல், மூணடி மூணடியாப் போகணும். கொத்தின குப்பையை மச்சு மேலயே குவிச்சு வைக்காம அன்னன்னைக்கே இறக்கிடணும்.

மேல் தளம் திறந்து கிடக்கிற இந்த ஒரு நேரத்துலதான் உத்தர நுனியைப் பார்க்க முடியும். சுவருக்குள்ள போற கடைசி 9 இஞ்ச்தான் முதல்ல உளுத்துப்போகும். நடுவுல தட்டினா கணீர்னு கேக்கும், நுனியில மொத்துனு கேட்டா ஸ்குரூ டிரைவரால குத்துங்க. கால் இஞ்சுக்கு மேல சுலபமா இறங்குனா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கெட்ட நீளம் ஒரு அடிக்குள்ளன்னா மொத்த உத்தரத்தையும் மாத்த வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வெச்சு, நல்ல மரத்துல ரெண்டடியாவது ஏறுற மாதிரி போல்ட் போட்டுக் கட்டலாம். தகடு கனம், போல்ட் கணக்கை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்கிட்ட வாங்கிக்கங்க. நுனியைச் சுத்திச் சிமெண்ட் வெச்சு அடைக்கக் கூடாது, அரை இஞ்ச் காத்து இடைவெளி இருக்கட்டும்.

வெல்டிங் எல்லாம் வீட்டுக்கு வெளிய, கீழயே முடிச்சுடணும். மேல போல்ட் முடுக்குறது மட்டும்தான். 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சப்போ கருங்கல்லே வெடிச்சு விழுந்துச்சு. காய்ஞ்ச தேக்குக்கும் கரையான் மருந்து அடிச்ச கட்டைக்கும் ஒரு பொறி போதும்.

சந்துவீடு | 6:40

முட்டு ஒரு உத்தரத்துக்கு ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு இன்னைக்கு ராத்திரியே கொடுத்துடுறோம். மழை தூறலோட நின்னுடுச்சு, தார்ப்பாய் ரெண்டும் கட்டியாச்சு. எலக்ட்ரீஷியன் விஷயத்துக்கு யாராவது சொல்லுங்க. பூச்சு முதல் கோட் போட்டு நாலு நாள் ஆச்சு.

நிழல்முற்றம் | 7:05

கோடு கிழித்ததோடு நின்றிருந்தால் பிழைத்தீர்கள். காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டவே விடாதீர்கள். பழைய சுவரின் சன்னச் செங்கலில் படுக்கைவாக்கில் காடி வெட்டினால் ஒரு வரிசைக் கல் முழுவதும் அறுந்துபோகும், சுவரின் பிடிமானம் அங்கே போய்விடும். நிமிர்ந்த காடி மட்டும், அதுவும் கதவு நிலையை ஒட்டி. மற்ற இடங்களில் வயரை உத்தரத்தின் பக்கவாட்டில் கேசிங் போட்டுக் கொண்டுபோகலாம். கீழே நின்று பார்க்கிறவர் கண்ணில் படாது, பிறகு மாற்றுவதும் எளிது.

வேலை வரிசை மாறினால் இப்படித்தான் ஒருவர் முடித்ததை மற்றவர் உடைப்பார். முதலில் மரம், அடுத்து வயரிங்கும் தண்ணீர்க் குழாயும், அதன்பின் மேல்தளம், பிறகு சுவர்ப் பூச்சு, கடைசியில் தரை. மேல்தளம் முடியாமல் முற்றத்துச் சுவரைப் பூச ஆரம்பித்ததே முறையல்ல. மேலே தட்டும் அதிர்வும் ஒழுகும் கடுக்காய்த் தண்ணீரும் ஈரப் பூச்சில்தான் இறங்கும், பழுப்புக் கறை போகாது. ஒரு வாரத்துக்குப் பூச்சு ஆட்களை நிறுத்திவிடுங்கள். முதல் கோட் காத்திருப்பதில் நட்டமில்லை. காலையும் மாலையும் நீர் தெளித்து வந்தால் நன்றாகவே இறுகும்.

சிமெண்ட் உரித்த சுவரைப் பற்றி ஒன்று. கீழ் 4 அடியில் உப்புப் பூக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, தரையில் விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது சுவர் காய்வதற்கான தோராயக் கணக்கு. 14 அங்குலச் சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே கீழ் 4 அடிக்குப் பூசுவதை உப்பை உறிஞ்சி எடுக்கும் தற்காலிகப் பூச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உதிரும். அந்தப் பட்டையை மட்டும் உரித்து மறுபடி பூச வேண்டும். மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் இவ்வளவு செய்ததும் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

செங்கல்தூள் | 7:30

சரக்கைப் பத்தி யாரும் பேசலை. கடையில "லைம்"னு கேட்டா மூணு வேற வேற சாமானைக் கொடுப்பாங்க. சுட்ட சுண்ணாம்புக் கல் ஒண்ணு, மூட்டையில வர்ற ஹைட்ரேட்டட் லைம் பவுடர் ஒண்ணு, சுவர்ப் பட்டி ஒண்ணு. பட்டி வெள்ளை சிமெண்ட்ல செஞ்சது, அதுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. மூட்டைப் பவுடர் பழசா இருந்தா காத்துப் பட்டுப் பட்டுத் திரும்பச் சுண்ணாம்புக்கல் தூளாவே மாறியிருக்கும், அதுல ஒட்டுற சக்தி இருக்காது. ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர்ல போடுங்க. நல்லா நுரைச்சுப் பொங்குனா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. நல்ல பவுடரா இருந்தாலும் ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறித்தான் வேலைக்கு வரணும்.

கல்லை வாங்கி நீத்தறது நல்லது, ஆனா ஜாக்கிரதை. தண்ணிக்குள்ள கல்லைப் போடணும், கல்லு மேல தண்ணியை ஊத்தக் கூடாது, தெறிக்கும். கொதி வந்துடும், பிளாஸ்டிக் டிரம் இளகிப்போகும், இரும்பு டிரம்தான். கல்லு ஒரு பங்குக்குத் தண்ணி மூணு பங்கு. கண்ணாடி போடாத ஆளைக் கிட்ட விடாதீங்க. கண்ணுல பட்டா கால் மணி நேரம் விடாம நல்ல தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரி போகணும். நீத்தாச்சுன்னா சல்லடையில வடிகட்டி, மேல ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கிற மாதிரி குறைஞ்சது ரெண்டு வாரம். நாள் கூடக் கூட வெண்ணெய் மாதிரி ஆகும். நீறாத கல்லு பொடி உள்ள தங்கிட்டா, பூசி ஆறு மாசம் கழிச்சு ஈரம் இழுத்து ஊதி, சுவர்ல சின்னச் சின்னப் பள்ளமாப் பொரிஞ்சு விழும்.

செங்கல் தூளுக்குச் சூளையில கறுத்து உருகின கல்லை அரைச்சுத் தருவாங்க. அது வெறும் மணலுக்குச் சமானம், சுண்ணாம்போட சேராது. நல்லாச் செவந்து, ஆனா உருகாத கல்லுதான் வேணும். தூளை ஒரு கிளாஸ் தண்ணியில கலக்கி வைங்க. அரை மணி நேரத்துக்கு அப்புறமும் தண்ணி சேறாவே நின்னா மண்ணு கலந்திருக்கு.

மாடக்கூடல் | 8:10

வண்டி லேட்டானதுக்கு வண்டிக்காரரைத் திட்டாதீங்க. கோயிலைச் சுத்தின தெருக்களுக்குள்ள காலை எட்டு மணிக்கு மேல லோடு ஏத்தி வந்தா மாட்டத்தான் செய்யும். சித்திரை வீதிக்குள்ள வண்டியே விடுறதில்லை. ஜல்லி, மணல், தூள் எல்லாத்தையும் முந்தின நாள் ராத்திரியோ விடியறதுக்கு முன்னயோ குட்டியானை வண்டியில தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து சந்துக்குள்ள தலைச்சுமையா எடுக்கணும். 66 கன அடின்னா சட்டிக்கணக்கே நூத்துக்கணக்குல வரும், அந்தக் கூலியையும் நேரத்தையும் தனியா எழுதுங்க.

அப்புறம் திருவிழா காலண்டரைச் சுவர்ல ஒட்டுங்க. ஆவணியில சாமி புறப்பாடு உங்க ஆவணி மூல வீதியிலயேதான், சித்திரையில தேர் மாசி வீதிகள்ல. அந்த நாட்கள்ல சரக்கும் வராது, குப்பையும் வெளிய போகாது. அன்னைக்குத் தளம் போடுற நாளா வெச்சீங்கன்னா கதை கந்தல்தான். சல்லடை போடுறது, கடுக்காய் தட்டுறது, சுவர் இணைப்பைச் சுரண்டுறதுன்னு சரக்குக் கேக்காத வேலையை அன்னைக்கு வைங்க.

வெளிவீதி | 8:44

ஆவணி மூல வீதிக்காரங்களுக்கு இது பொருந்தாது, ஆனா இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காக. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி, வெளி வீதிப் பக்கம் வீடு வெச்சிருக்கவங்க மச்சைத் தொடுறதுக்கு முன்னாடி அடித்தளத்தைப் பாருங்க. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல கோட்டையை இடிச்சு அகழியைத் தூர்த்துப் போட்ட தெருக்கள் அது. விளக்குத்தூண் அவர் ஞாபகமா வெச்சதுதான். தூர்த்த மண்ணுல பாதி, பழைய மண்ணுல பாதின்னு நிக்கிற சுவர் ஒரு பக்கமா இறங்கும். வெடிப்பு படிக்கட்டு மாதிரி சாய்வா ஏறி, மேல போகப் போக அகலமானா அது பூச்சு வெடிப்பு இல்லை. வெடிப்புக்குக் குறுக்கே ரெண்டு இஞ்ச் கண்ணாடித் துண்டை ரெண்டு முனையும் சாந்துல ஒட்டி, தேதி எழுதி வைங்க. ஒரு மழைக்காலம் தாண்டிக் கண்ணாடி உடையலைன்னா அசைவு நின்னுபோச்சு, பூசலாம். உடைஞ்சா எஞ்சினியர்.

வைகைத்தம்பி | 9:02

இடையில ஒரு கேள்வி. திருமலை நாயக்கர் மகால் தூண்ல வர்ற அந்த வழவழப்பு வீட்டுச் சுவர்ல வருமா? முட்டை எத்தனை வேணும்?

நிழல்முற்றம் | 9:25

வரும், ஆனால் முட்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மகால் 1636-ல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. மேற்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்தது. இன்று நிற்பது அதில் ஒரு பகுதிதான், பெரும்பகுதி சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பிரிக்கப்பட்டது. நிற்கிற பகுதியையும் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். ஆக, நாயக்கர் காலப் பூச்சு அப்படியே அசையாமல் நிற்கிறது என்று நினைத்து அங்கே போகாதீர்கள். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே திரும்பத் திரும்பப் பழுதுபார்க்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி அது. 75-க்கு 52 மீட்டர் சுவர்க்க விலாச முற்றத்தைச் சுற்றி நடந்தால், கை எட்டும் உயரத்தில் ஒட்டுப் போட்ட இடங்கள் நிறமும் வழவழப்பும் மாறித் தெரியும்.

வழவழப்பு நான்கு அடுக்கில் வருகிறது. முதல் கோட் அரை அங்குலம், சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டு, ஈரச் சுவரானால் மணலில் பாதிக்குச் செங்கல் தூள். நகம் இறங்காத அளவு இறுகியபின் இரண்டாவது, கால் அங்குலம், சன்ன மணல். மூன்றாவது சலித்த சுண்ணாம்பும் மாவு போன்ற மணலும் சமபங்கு. கடைசிக் கோட்டில் மணலே கிடையாது, பட்டுத்துணியில் வடித்த பழைய சுண்ணாம்பும் மாக்கல் பவுடரும், வெண்கரு இதில் மட்டும்தான். ஈரம் இழுக்கும் நேரத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பித்தால் கல் வழுக்கி ஓடும்வரை நிறுத்தக் கூடாது. ஒரு சுவரை ஒரே நாளில் மூலைக்கு மூலை முடிக்க வேண்டும். நடுவில் விட்ட இடம் எத்தனை தேய்த்தாலும் கோடாகத் தெரியும். ஆள் குறைவான நாளில் இதைத் தொடவே வேண்டாம். காரைக்குடிப் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டால் கூலி கூடும். ஆனாலும் கடைசி இரண்டு கோட்டுக்கு அந்தக் கை வேண்டும்.

சூப்பர்வைசர்72 | 9:40

சரி, ஒத்துக்கிறேன், மரத்து மேல சிமெண்ட் வேணாம். ஆனா தட்டுறதுக்கு ஆள் எங்க கிடைக்குது? அதைச் சொல்லுங்க முதல்ல.

கரணை | 9:58

அண்ணே, அது நியாயமான கேள்வி. ஆள் கிடைக்கிற அளவுக்குத் தளத்தைப் பிரிச்சுக்கணும். ஆறு பேர்னா ஒரு நாளைக்கு 60 சதுர அடிக்கு மேல பரப்பக் கூடாது. தம்பி 70 சதுர அடி பரப்பினதுலதான் தட்டுறது விட்டுப்போச்சு.

தம்பி, நாளைக்கு இப்படி வைங்க. இன்னைக்கு ராத்திரியே ஜல்லியைத் தொட்டியில முக்கிடுங்க, ஆறு மணி நேரமாவது ஊறட்டும். புதுக் கடுக்காய்த் தண்ணியும் இப்பவே போடுங்க. விடிஞ்சதும் நகம் வெச்சுப் பார்த்து, இறங்குனா ஆறு மணிக்கு மீந்த கலவையைச் சாய்வு ஓரத்துல தீர்த்துட்டு, பழைய 7 அடியை மட்டும் தட்டுங்க. வேற எதையும் கலக்க வேண்டாம். முதல் ரவுண்டு திமிசுக்கட்டையால லேசா, சாந்து மேல வந்ததும் சன்னத் தட்டுப்பலகைக்கு மாறணும். ரெண்டு வரிசையா எதிரெதிரே உக்காந்து, ஒரு கை அகலம் ஒரு கை அகலமா நகர்ந்து வரணும். பலகை எகிறித் திரும்புற வரைக்கும், பெருவிரல் பதியாத வரைக்கும். ஒரே நாள்ல வராது, தினம் காலையும் சாயங்காலமும் தட்டி அஞ்சாறு நாள்ல வரும். பாக்கி 5 அடிக்கு, அதாவது 50 சதுர அடிக்கு, புதுக் கடுக்காய்த் தண்ணி தெளிஞ்சு, ஜல்லி ஊறி, ஆறு ஆளும் இருந்தா நாளை மறுநாள் காலைல போடுங்க. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் தள்ளிப் போடுங்க.

நாள் குழம்பும்போது எதை நடுவுல விடலாம், எதை விடக்கூடாதுன்னு கொத்தனாருக்கும் தெரிஞ்சிருக்கணும். நீத்த ஆரம்பிச்ச சுண்ணாம்பு, பரப்பின தளத்துக்கு முதல் நாலு மணி நேரத் தட்டு, தேய்க்க ஆரம்பிச்ச கடைசிக் கோட், இது மூணையும் விடவே கூடாது. சோத்துக்கு மாத்தி மாத்திப் போகணும். மத்ததெல்லாம் நிக்கும். முதல் கோட் பூச்சை மூலையிலயோ கதவு நிலையிலயோ நிறுத்திக்கலாம், சுவர் நடுவுல மட்டும் வேணாம். சிமெண்ட் வேலைப் பழக்கத்துல வந்த ஆளுக்கு இது புரியாது, "நாளைக்குப் பார்த்துக்கலாம்"ன்னு கரணையைக் கழுவிட்டுப் போயிடுவாரு.

வெயிலையும் கணக்குல எடுங்க. முற்றத்துல கிழக்கு பார்த்த சுவரை மத்தியானத்துக்கு மேலயும், மேற்கு பார்த்த சுவரைக் காலையிலயும் பூசணும். சித்திரை, வைகாசியில சாயங்காலம் இடிமழை வரும், ஐப்பசி கார்த்திகையில நாள் முழுக்கக் காயாது. தை, மாசிதான் இந்த வேலைக்கு ராசி.

நிழல்முற்றம் | 10:15

ஒரு சேர்க்கை. உள்ளே இறுகிவிட்டதா என்று நகத்தால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். பூச்சின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் பினால்ஃப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் சோதனைத் திரவம்) ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு வந்த இடம்வரை சுண்ணாம்பு இன்னும் காற்றை இழுத்து இறுகவில்லை. அடுத்த கோட் போடுவதை இது தடுக்காது. எண்ணெய் தேய்ப்பது, நிறம் கொடுப்பதை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லும்.

மாடக்கூடல் | 10:22

கட்டடத்தைத் திறந்துட்டோமே, அப்படியே மேல ஒரு மாடி ஏத்திடலாம்னு வீட்ல யாராவது கிளம்பியிருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. கோயிலைச் சுத்தி 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு 1997-லயே அரசாணை. ஆவணி மூல வீதி அந்த வட்டத்துக்கு நடுவுல இருக்கு. மராமத்துக்கும் மண்டல அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுத்துல வாங்கிக்கங்க.

சந்துவீடு | மறுநாள் காலை 6:50

நகம் இறங்குது. மேற்கு ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு மட்டும் ஜல்லி உருண்டு வந்தது, அதை எடுத்தாச்சு. தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஜல்லி ராத்திரியே ஊறப்போட்டாச்சு. கைப்பிடிச்சுவரும் தளமும் சேருற இடத்துல என்ன செய்யணும்? தட்டோடு எப்போ?

கரணை | 7:08

எடுத்த ஒரு அடியை நாளைக்கு 5 அடியோட சேர்த்துப் போட்டுக்கங்க, இன்னைக்கு ஒட்டுப் போட வேண்டாம். கைப்பிடிச்சுவர்ல தளத்துக்கு மேல 6 இஞ்ச் உயரம் பழைய பூச்சை எடுத்துட்டு, அதே கலவையில ஜல்லி சின்னதாப் போட்டு உள்வளைவா ஏத்துங்க. நேர் மூலையா விட்டா முதல் ஒழுக்கு அங்கதான். தளத்தைத் தட்டும்போதே வளைவையும் சேர்த்துத் தட்டணும்.

கடைசித் தட்டு முடிஞ்ச பிறகு வைக்கோலோ சாக்கோ போட்டுப் பத்து நாள் ஈரம் காயாம வைங்க. அப்புறம் தட்டோடு. ஓட்டை ஒரு மணி நேரம் ஊறவெச்சு, சுண்ணாம்பு, செங்கல் தூள் சாந்துல ஒட்டணும். இணைப்பு கால் இஞ்ச், அதைச் சாந்தால அழுத்தி அடைச்சு வழிச்சு விடணும். வெள்ளை சிமெண்ட் போட்டு இணைப்பை அடைக்கிறேன்னு யாராவது வந்தா விடாதீங்க. தண்ணி போற குழாய் 4 இஞ்சுக்குக் குறையக் கூடாது, வாயில இரும்பு வலை. தட்டோடு போட்டு ரெண்டு வாரம் கழிச்சு குழாய் வாயை அடைச்சு ஒரு இஞ்ச் தண்ணி 24 மணி நேரம் நிறுத்துங்க. அப்போ கீழ அறையில லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு உத்தரம் சுவருக்குள்ள போற இடத்தைப் பாருங்க. ஈரம் முதல்ல அங்கதான் மினுங்கும்.

தேக்குமரம் | 7:15

தண்ணி நிறுத்துற நாள் வரைக்கும் முட்டுக் கட்டைகளை எடுக்காதீங்க. தண்ணியை வடிச்ச பிறகு நடு உத்தரத்து முட்டு முதல்ல, ஓர உத்தரத்து முட்டு அப்புறம்.